"என்ன சாப்பிட்டனி?" என்ற கேள்வி போதாது: இன்சுலின் போடுபவர்களின் சாப்பாட்டுக்குப் பிந்திய சீனி

2015ஆம் ஆண்டு, மூன்று மாதங்களாக என் தங்கச்சியின் சீனிக் கொப்பியில் எல்லா எண்களும் அழகாக இருந்தன. 138, 142, 150, 145. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு எடுத்த அளவுகள் அவை. அப்போது அவள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். 2013இல், 15 வயதில், மெலிந்து, தாகமெடுத்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, கடைசியில் மயங்கி விழுந்த பிறகுதான் அவளுக்கு முதலாம் வகை நீரிழிவு என்று கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து காலையும் மாலையும் இன்சுலின் ஊசி.

ஒருநாள் அதிகாலை இரண்டு மணியளவில் அவள் முனகுகிற சத்தம் கேட்டு எழும்பினேன். உடுப்பெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. என்னை யாரென்று தெரியாதது போலப் பார்த்தாள். விழுங்கக்கூடிய நிலையில் இருந்ததால் சீனித்தண்ணி கரைத்துக் கொடுத்தோம். கால் மணித்தியாலத்தில் தெளிந்தாள். அம்மா கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தானே இருக்கு, பின்ன ஏன் இப்பிடி?" என்றார்.

சீனி பார்க்கும் மெஷின் பழைய அளவுகளைத் தன் நினைவில் வைத்திருக்கும். அடுத்தநாள் நான் அதைத் தட்டிப் பார்த்தேன். 287, 94, 312, 68, 241. கொப்பியில் இருந்த ஒரு எண்கூட மெஷினில் இல்லை.

"ஏன் பிள்ளை மாத்தி எழுதினனி?"

"கூடக் காட்டினா அம்மா 'என்ன சாப்பிட்டனி'யெண்டு கேட்டு அழுவா, அக்கா. நான் ஒண்டும் களவாச் சாப்பிடேல்லை. சொன்னா ஆரும் நம்பமாட்டினம்."

முதல்நாள் பின்னேரம் மெஷின் 312 காட்டியிருக்கிறது. காலையில் நல்ல எண் வரவேண்டும் என்று நினைத்து, இரவு ஊசியை வழமைபோலப் போட்டுவிட்டு, சாப்பாட்டில் பாதியை நாய்க்குப் போட்டிருக்கிறாள்.

அம்மாவின் கேள்விக்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய தம்பி, எங்கள் மாமா, சிறுவயதிலிருந்தே இன்சுலின் போட்டவர். 2009 பங்குனியில் மாத்தளனில் அவருடைய கடைசிக் குப்பி முடிந்தது. அவர் ஷெல் பட்டுச் சாகவில்லை. சத்தியெடுத்து, மூச்சு வாங்கி, சில நாட்களில் எங்கள் பங்கருக்குள்ளேயே போனார். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அம்மா. மகளின் மெஷினில் 300 என்று வரும்போது அவருக்கு நினைவுக்கு வருவது அந்தப் பங்கர்தான். எங்கள் பக்கத்தில் இன்சுலின் போடும் பிள்ளைகள், பெரியவர்கள் பலருடைய வீடுகளிலும் இப்படியொரு பயம் இருக்கிறது. அந்தப் பயம் ஏச்சாக வெளிவருகிறது. ஏச்சுக்குப் பயந்து பொய்க் கணக்கு எழுதப்படுகிறது. பொய்க் கணக்கை நம்பி மருந்தளவு தீர்மானிக்கப்படுகிறது.

அதன்பிறகு நான் கிளினிக்கில் கேட்டதையும், வாசித்ததையும், தங்கச்சியோடு சேர்ந்து பரீட்சித்துப் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு சீனி எவ்வளவு ஏறும் என்பதைத் தட்டில் இருப்பது மட்டும் தீர்மானிப்பதில்லை. இன்னும் பல காரணங்கள் உண்டு. அவற்றில் சில நோயாளியின் கையிலேயே இல்லாதவை.

கடுகதி பஸ்ஸும் சாதாரண பஸ்ஸும்

நீரிழிவு இல்லாத ஒருவர் சாப்பிடத் தொடங்கியவுடனேயே சதையி இன்சுலினை விடுவிக்கிறது. அது நேராக ஈரலுக்குப் போகிறது. ஈரல் தான் வெளிவிடும் குளுக்கோசை நிறுத்திக்கொள்கிறது. சோறு குளுக்கோசாக மாறி இரத்தத்துக்குள் வரும்போது அதை உள்ளே எடுக்க இன்சுலின் தயாராக நிற்கும்.

ஊசியில் போடும் இன்சுலின் தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பில் இறங்கி, அங்கிருந்து மெல்ல மெல்ல இரத்தத்துக்குப் போகவேண்டும். அரச வைத்தியசாலைகளில் பலருக்குக் கிடைக்கும் 'சொலுபிள்' இன்சுலின் வேலை தொடங்க ஏறத்தாழ அரை மணித்தியாலம் எடுக்கும். அதன் உச்சம் 2 முதல் 4 மணித்தியாலத்தில். முழுதாக முடிய 6 முதல் 8 மணித்தியாலம் ஆகலாம். சாப்பாட்டில் வரும் குளுக்கோசோ 10, 15 நிமிடங்களிலேயே இரத்தத்துக்குள் வரத் தொடங்கி, பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை மணித்தியாலத்தில் உச்சத்தைத் தொடும்.

சாப்பாடு கடுகதி பஸ். ஊசி ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நின்று வரும் சாதாரண பஸ். இரண்டும் ஒரே நேரத்தில் புறப்பட்டால் கடுகதி முந்திவிடும். அதனால்தான் சொலுபிள் இன்சுலினையும், 30/70 கலவை இன்சுலினையும் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் போடச் சொல்கிறார்கள். அஸ்பார்ட், லிஸ்புரோ போன்ற விரைவாக வேலை செய்யும் புதிய வகைகளுக்கு 10, 15 நிமிடம் பொதுவாகப் போதும். ஒரே ஆள், ஒரே பிட்டு, ஒரே அளவு மருந்து என்றிருந்தாலும், ஊசியைச் சாப்பிட்டபின் போட்ட நாளும் அரை மணித்தியாலம் முன்னர் போட்ட நாளும் ஒரே எண்ணைக் காட்டாது.

ஆனால் ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பாடு எப்போது வருமென்று தெரியாமல் காத்திருப்பது ஆபத்து. கிளினிக் வரிசையிலும், தூரப் பயணத்திலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் இது நடக்கிறது. அப்படியான இடங்களில் சாப்பாடு கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஊசி போடுவதுதான் பாதுகாப்பு. அன்றைக்கு எண் கொஞ்சம் கூடினால் கூடட்டும்.

30/70 கலவையில் 30 பங்கு சொலுபிள். மிச்சம் 70 பங்கு பல மணித்தியாலம் நின்று வேலை செய்யும் வகை. காலையில் போட்ட அந்த 70 பங்குதான் மத்தியானச் சாப்பாட்டையும் பார்த்துக்கொள்கிறது. அருவி வெட்டும் நாளிலோ, கடலில் நிற்கும் நாளிலோ மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப்போனால் சீனி விழுந்துவிடும். விழுந்த சீனியைத் தூக்கப் பயத்தில் அள்ளிச் சாப்பிட்டால் பின்னேரம் 300 காட்டும்.

தட்டில் இருப்பது

சாப்பாட்டுக்குப் பிறகு சீனியை அதிகம் ஏற்றுவது மாச்சத்துத்தான். அதில் இரண்டு கேள்விகள் உண்டு: எவ்வளவு, எந்த வடிவில்.

ஒரு கோப்பை சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாச்சத்து இருக்கிறது. 450 கிராம் நிறையுள்ள ஒரு றாத்தல் பாணில் கால் றாத்தல் சாப்பிட்டால் ஏறத்தாழ 55 கிராம். ஒரு தேக்கரண்டி சீனி 4, 5 கிராம்தான். ஆகவே தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை நிறுத்திவிட்டு, இரண்டு கோப்பைச் சோற்றை மூன்றாக்கினால் கணக்கில் தோற்றுவிடுவோம். எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக நடந்தது இதுதான். சீனி டப்பாவை ஒளித்துவைத்த அம்மா, "பசியோட இருக்கக்கூடாது" என்று சோற்றை அள்ளிப் போட்டார்.

குரக்கன் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. நூறு கிராம் குரக்கன் மாவில் 70 கிராமுக்கு மேல் மாச்சத்துத்தான். நார்ப்பொருளும் கல்சியமும் அதில் நல்லாக இருக்கின்றன. அது நல்ல சாப்பாடு. ஆனால் குரக்கன் பிட்டு என்பதற்காக எவ்வளவும் சாப்பிடலாம் என்றில்லை. பனங்கட்டியும் அப்படித்தான். அது எங்கள் மண்ணின் பொருள் என்பதால் உடம்பு அதைச் சீனி இல்லை என்று எண்ணிக்கொள்வதில்லை.

அடுத்தது வடிவம். அதே அரிசி சோறாக வரும்போது ஒரு வேகம், குழைந்த கஞ்சியாக வரும்போது இன்னொரு வேகம். நன்றாகக் கரைந்ததும் நீர்த்ததும் வயிற்றிலிருந்து சீக்கிரம் இறங்கும். நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியைவிடத் தவிட்டோடு கூடிய சிவப்புப் புழுங்கலரிசி பொதுவாக மெதுவாக ஏற்றும். சமைத்து ஆறிய சோற்றில் மாச்சத்தின் ஒரு பகுதி இலகுவில் சமிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. ஆகவே பழஞ்சோறு சுடுசோற்றைவிடச் சற்றுக் குறைவாக ஏற்றலாம். ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. அதை நம்பி அளவைக் கூட்டக்கூடாது.

எதோடு சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். வெறும் இடியப்பமும் சொதியும் ஒரு விதம். அதே இடியப்பத்தைப் பருப்பு, மீன், வல்லாரைச் சம்பலோடு சாப்பிட்டால் குளுக்கோஸ் மெதுவாக உள்ளே வரும். கீரையையும் மரக்கறியையும் மீனையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் அதே தட்டுச் சாப்பாட்டுக்கு எண் குறைவாக வருவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. காசு செலவில்லாத வழி இது. தங்கச்சி செய்து பார்த்தாள். அவளுக்கு வித்தியாசம் தெரிந்தது.

போரிலும் அதற்குப் பின்னரும் நாங்கள் நிவாரணமாக வாங்கிச் சாப்பிட்டது அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். மாவே சாப்பாடாக இருந்த காலம் அது. பல வீடுகளில் தட்டின் அளவு இன்னும் அந்தக் காலத்து அளவுதான்: நிறையச் சோறு, கொஞ்சம் கறி. பட்டினி கிடந்தவர்களிடம் "சோற்றைக் குறை" என்று சொல்வது இலகு. கேட்பவருக்கு அது எப்படி இருக்கும் என்பதையும் சொல்பவர்கள் யோசிக்கவேண்டும். குறைப்பதற்கு முதல், பக்கத்தில் ஒரு கைப்பிடி முருங்கையிலை வறையைச் சேர்ப்பதில் தொடங்கலாம்.

கொத்துரொட்டி இரவு

இரவு எட்டு மணிக்குக் கொத்துரொட்டி. பத்து மணிக்கு அளந்தால் 150. சந்தோஷமாகப் படுத்தால் விடிய 270. இரவில் எழும்பி யாரும் களவாகச் சாப்பிடவில்லை.

எண்ணெயும் இறைச்சியும் கூடின சாப்பாடு வயிற்றிலிருந்து இறங்க நேரம் எடுக்கும். கொழுப்பு வயிற்றின் வேகத்தைக் குறைக்கிறது. பிறகு சில மணித்தியாலம் இன்சுலினின் வேலையையும் மந்தப்படுத்துகிறது. புரதத்தின் ஒரு பகுதியும் தாமதமாகக் குளுக்கோசாக மாறுகிறது. ஆகவே சீனி இரண்டு மணித்தியாலத்தில் ஏறாமல், மூன்றிலிருந்து ஐந்து மணித்தியாலத்துக்குப் பிறகு ஏறுகிறது. அந்த நேரத்தில் சாப்பாட்டுக்காகப் போட்ட ஊசியின் பலம் இறங்கிக்கொண்டிருக்கும்.

நீண்ட காலம் நீரிழிவு உள்ள சிலருக்கு வயிற்றின் நரம்புகள் பாதிக்கப்பட்டு, எந்தச் சாப்பாடும் இப்படித் தாமதமாகத்தான் இறங்கும். சாப்பிட்டவுடன் சீனி விழுந்து, பல மணித்தியாலத்துக்குப் பின் ஏறுவது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்புவது, முதல்நாள் சாப்பாடு சத்தியில் வருவது என்பன இருந்தால் டொக்டரிடம் சொல்லவேண்டும்.

வயிற்றில் இருந்த கட்டி

தங்கச்சியின் உண்மையான எண்களை எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த கிளினிக்குக் கூட்டிப்போனேன். ஏச்சு விழும் என்று நினைத்தோம். அங்கிருந்த தாதி எண்களைப் பார்த்துவிட்டு, "எங்க பிள்ளை ஊசி போடுறனீங்கள்? காட்டுங்கோ" என்றார். தங்கச்சி தொப்புளுக்கு வலப்பக்கத்தைக் காட்டினாள். தாதி விரல்களால் அமத்திப் பார்த்துவிட்டு என் கையையும் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். தோலுக்குக் கீழே ஒரு சிறிய எலுமிச்சங்காய் அளவில் தடிப்பாக ஒன்று இருந்தது.

அந்த இடத்தில் நோவதில்லை என்பதால் இரண்டு வருடமாக அதிலேயே ஊசி போட்டிருக்கிறாள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் இறங்கினால் அங்கே கொழுப்புத் திரண்டு கட்டியாகிவிடும். அதற்குள் போகும் மருந்து ஒருநாள் பாதிதான் வெளியே வரும். இன்னொருநாள் சேர்ந்து வரும். ஒரே சாப்பாட்டுக்கு ஒருநாள் 312உம் இன்னொருநாள் 94உம் வந்ததற்குப் பெரிய காரணம் அதுதான். தங்கச்சி அந்த அறையிலேயே அழுதுவிட்டாள். அவள் களவாகச் சாப்பிடவில்லை என்று முதன்முதலாக ஒருவர் சொல்லியிருந்தார்.

இடத்தை மாற்றியபோது மருந்தளவையும் குறைத்தார்கள். நல்ல இடத்தில் போட்டால் அதே அளவு மருந்து முழுதாக வேலை செய்து சீனியை விழுத்திவிடும். ஆகவே கட்டி இருப்பதாகக் கண்டால் தானாக இடம் மாற்றிவிட்டுப் பேசாமல் இருக்காமல், கிளினிக்கில் சொல்லி அளவைத் தீர்மானிக்கவேண்டும்.

இடத்துக்கு இடம் வேகமும் மாறும். வயிற்றில் போட்ட சொலுபிள் இன்சுலின் வேகமாகவும், கையில் போட்டது அதைவிட மெதுவாகவும், தொடையிலும் பிட்டத்திலும் போட்டது இன்னும் மெதுவாகவும் இரத்தத்தில் சேரும். தொடையில் போட்டுவிட்டுச் சைக்கிள் மிதித்தால் அது வேகம் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் முன்னர் போட்ட இடத்திலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போடவேண்டும்.

எங்கள் மக்களுக்கு இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஷெல் காயமோ சத்திரசிகிச்சையோ விட்ட தழும்பின் மேல் ஊசி போடக்கூடாது. தழும்புத் தசையிலிருந்து இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. வயிற்றிலும் தொடையிலும் காயப்பட்டவர்கள் எந்த இடம் நல்ல இடம் என்று கிளினிக்கில் உடுப்பை விலக்கிக் காட்டிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வெயிலில் கெட்ட மருந்து

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கவேண்டும். பாவனையில் உள்ள குப்பியை, பெரும்பாலான வகைகளில், சாதாரண அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு கிழமை வைத்திருக்கலாம். ஆனால் அந்த 'அறை வெப்பம்' என்பது வகையைப் பொறுத்து 25 அல்லது 30 பாகைக்குக் கீழே. சித்திரை, வைகாசியில் தகரக்கூரை வீட்டின் உள்ளே அந்த வெப்பம் கிடையாது. சூடுபட்ட இன்சுலின் பார்வைக்கு நல்லதாகவே இருக்கும். பலம் மட்டும் குறைந்திருக்கும். 2022இல் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடுகளும் இதே நிலைக்கு வந்தன.

மாமா தன் குப்பியை ஈரமணலுக்குள் புதைத்த மண்சட்டியில் வைத்திருந்தார். அது நல்ல யோசனை. தண்ணீர் ஆவியாகும்போது சட்டியின் உள்வெப்பம் வெளியைவிடச் சில பாகை குறையும். குப்பியை ஒரு பிளாஸ்ரிக் பையில் கட்டித் தண்ணீர் படாமல் வைத்தால் போதும். ஐஸ்பெட்டிக்குள் வைக்கவே கூடாது. உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. கலங்கல் நிறக் கலவை இன்சுலினை ஒவ்வொரு முறையும் உள்ளங்கைகளுக்கு நடுவில் மெதுவாக உருட்டிக் கலக்கவேண்டும். கலக்காமல் எடுத்தால் ஒருநாள் ஊசியில் ஒன்று கூடும், இன்னொருநாள் மற்றது கூடும்.

திடீரென்று எல்லா நேர எண்களும் சேர்ந்து ஏறினால், நோயாளியை விசாரிப்பதற்கு முதல் குப்பியை விசாரியுங்கள்.

உடம்பும் மனமும்

சாப்பிட முதலே 220 இருந்தால் சாப்பிட்டபின் 300 வருவதில் அதிசயமில்லை. ஏறியது 80தான். ஆகவே சாப்பிட்டபின் வரும் எண்ணைத் தனியாகப் பார்க்கக்கூடாது. சாப்பிட முதல் எண்ணோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

விடியற்காலையில் உடம்பில் சுரக்கும் சில ஓமோன்கள் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்கின்றன. அதனால் பலருக்கு ஒரே அளவு சாப்பாடு இரவைவிடக் காலையில் கூடுதலாக ஏற்றும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, பல்லில் சீழ், கால் புண் எல்லாம் சீனியை ஏற்றும். செயற்கைக் கால் உரசி வந்த புண்ணும் அப்படித்தான். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் பல பெண்களுக்கு எண் கூடும், தொடங்கியபின் இறங்கும். தங்கச்சியின் கொப்பியில் இந்த ஒழுங்கைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு மாதம் எடுத்தது.

சாப்பிட்டபின் 15, 20 நிமிடம் நடந்தால் தசைகள் குளுக்கோசை எடுத்துக்கொள்ளும், எண் குறையும். கடும் வேலை செய்த நாளின் தாக்கம் அன்றிரவு வரை நிற்கும். தோட்டம் கொத்திய நாள் இரவு சீனி விழலாம். கள்ளும் சாராயமும் ஈரல் குளுக்கோஸ் விடுவதைத் தடுப்பதால், குடித்த நேரத்தில் ஏறினாலும் பல மணித்தியாலத்துக்குப் பிறகு விழுத்தும்.

பிறகு மனம். பயத்திலும் துக்கத்திலும் அதிரினலினும் கோட்டிசோலும் சுரக்கின்றன. ஓடித் தப்புவதற்காக ஈரல் சேமித்த குளுக்கோசை வெளியே விடுகிறது. இது உடம்பின் பழைய ஏற்பாடு. நித்திரை கெட்ட இரவுக்குப் பிறகும் இன்சுலினின் வேலை மந்தமாகும். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தோடு ரோட்டோரம் இருந்துவிட்டு வரும் ஒரு தாயின் எண் அன்று கூடியிருந்தால், அவர் வீட்டில் இனிப்புச் சாப்பிட்டார் என்று அர்த்தமில்லை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. துக்கத்தில் சாப்பாடு இறங்காத நாளில் வழமையான அளவு ஊசி போட்டால் சீனி விழும்.

எண்ணைப் பற்றி

சாப்பிட்டபின் அளப்பது என்றால், சாப்பிடத் தொடங்கிய நேரத்திலிருந்து இரண்டு மணித்தியாலம். வளர்ந்தவர்கள் பலருக்குப் பொதுவான இலக்கு 180 மில்லிகிராமுக்குக் கீழே. வயதானவர்கள், அடிக்கடி சீனி விழுபவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இலக்கு வேறு; அதை டொக்டரிடம் கேட்டு எழுதிவைக்கவேண்டும். கனடாவிலும் லண்டனிலும் உள்ள உறவுகள் "எனக்கு 8 இருக்கு" என்று சொன்னால் பதறவேண்டாம். அவர்களுடைய அலகு வேறு. 18ஆல் பெருக்கினால் எங்கள் அலகில் 144.

மாம்பழம் வெட்டிய கையைக் கழுவாமல் விரலைக் குத்தினால் மெஷின் அந்தச் சீனியையும் சேர்த்துக் காட்டும். நல்ல மெஷினிலும் நூற்றுக்கு 15 வரை ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்பட்டது. 180 என்று காட்டினால் உண்மை 155ஆகவும் இருக்கலாம், 205ஆகவும் இருக்கலாம். ஆகவே ஒரு எண்ணுக்காக யாரையும் ஏசுவதில் பொருளில்லை. மூன்று நான்கு நாள் ஒரே போக்கு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

ஸ்ரிப் விலை எங்களுக்குத் தெரியும். தினமும் பல தடவை அளக்க முடியாதவர்கள் இப்படிச் செய்யலாம்: இந்தக் கிழமை காலைச் சாப்பாட்டை மட்டும் எடுங்கள். மூன்று நாட்கள், சாப்பிட முதல் ஒன்று, இரண்டு மணித்தியாலத்துக்குப் பின் ஒன்று. பக்கத்தில் ஊசி போட்ட நேரம், போட்ட இடம், சாப்பாட்டின் அளவு, அன்று நடந்த விசேஷம் என்பவற்றை எழுதுங்கள். அடுத்த கிழமை மத்தியானச் சாப்பாடு. ஆறு ஸ்ரிப்பில் ஒரு வேளைச் சாப்பாட்டைப் பற்றி டொக்டருக்குச் சொல்ல உண்மையான தகவல் கிடைத்துவிடும். மருந்தளவைத் தானாகக் கூட்டிக் குறைக்காமல், அந்தக் கொப்பியோடு போய்க் கேளுங்கள்.

பொறுத்திருக்கக் கூடாத நேரங்கள்

சீனி 70க்குக் கீழே போனால், அல்லது அளக்க முடியாமல் வியர்வை, நடுக்கம், குழப்பம் இருந்தால், உடனே மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர். 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு தடவை. பிறகு சாப்பாடு. மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சரித்துப் படுக்கவைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1990 அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

சீனி மிகக் கூடி, சத்தி, வயிற்றுநோ, ஆழமான வேகமான மூச்சு வந்தால் அது இன்சுலின் போதாமல் உடம்பில் அமிலம் சேரும் நிலை. விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. முதலாம் வகை நீரிழிவு உள்ளவர் காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தாலும், விரதம் இருந்தாலும் இன்சுலினை முழுதாக நிறுத்தவே கூடாது. அளவை மாற்றலாம்; அதையும் கேட்டுத்தான் மாற்றவேண்டும். மாமாவுக்கு நிறுத்துவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்று எங்களுக்கு வழி இருக்கிறது.

மே மாதக் கஞ்சி

இந்த வருடம் மே 18 அன்று எங்கள் வீட்டிலும் கஞ்சி காய்ச்சினோம். அரிசி, தண்ணீர், உப்பு. தங்கச்சிக்கு இப்போது வேலை, குடும்பம் எல்லாம் இருக்கிறது. குழைந்த கஞ்சி சோற்றைவிட வேகமாக ஏற்றும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நாளின் துக்கமும், முதல்நாள் நித்திரையின்மையும் ஏற்றும் என்பதும் தெரியும். அரை மணித்தியாலம் முன்னரே ஊசியைப் போட்டாள். ஒரு சிறிய சிரட்டை அளவு கஞ்சி குடித்தாள். பிறகு அவித்த கடலையும் கீரையும் சாப்பிட்டுவிட்டு அம்மாவோடு நினைவிடம் வரை நடந்து போனாள்.

திரும்பி வந்து அளந்தபோது மெஷின் 204 காட்டியது. அம்மா எட்டிப் பார்த்தார். வாய் வரை வந்த கேள்வியை நான் அவருடைய முகத்தில் கண்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "இரவு நித்திரை கொண்டனியோ பிள்ளை?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா," என்றாள் தங்கச்சி. கொப்பியை எடுத்து 204 என்று எழுதினாள்.